லென்ஸ் கழலுமா என்று பார்க்காதீர்கள்: இசை நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு ஒரு ரசிகனின் திறந்த மடல்

இசை நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் அரங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய வாசலில் என் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, 43 என்று எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் ஒன்றைக் கொடுத்தார்கள். எந்த அரங்கம், யார் நிகழ்ச்சி என்று இங்கே சொல்லப்போவதில்லை. நான் போய் நின்ற வாசல்களில் பெரும்பாலும் இதே கதைதான் என்பதால், ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் நியாயமில்லை.

நடந்தது இவ்வளவுதான். பையைத் திறந்து காட்டினேன். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மிரர்லெஸ் கேமரா, அதில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு 35 மி.மீ. லென்ஸ். செக்யூரிட்டி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், கடைசி வரை குரல் உயரவே இல்லை. "லென்ஸ் கழலுமா சார்?" என்றார். கழலும் என்றேன். அவரே பொத்தானை அமுக்கித் திருப்பினார். லென்ஸ் கையோடு வந்துவிட்டது. "கழலுது. அப்ப இது புரொபஷனல் கேமரா சார், உள்ளே விடமாட்டாங்க" என்றார். மறுபடி மாட்டத் தெரியாமல் இரண்டையும் என்னிடமே நீட்டினார். மாட்டிக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவர், முதல் பாட்டு தொடங்கியதுமே ஒரு டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கை வலித்தபோது கையை மாற்றினாரே தவிர இறக்கவில்லை. பாடகி நின்ற இடத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு செவ்வகம். அதற்குள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு அவர் பாடிக்கொண்டிருந்தார். டேப்லெட்டில் லென்ஸ் கழலாது. ஆகவே அதற்கு அனுமதி உண்டு.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் புரிகிறது. கேமரா பெரிதாக இருந்தால் ஆள் தொழில்முறைக்காரர், படத்தை விற்பார், கலைஞருக்குப் பங்கு போகாது என்பது அந்தக் காலக் கணக்கு. வாசலில் ஆயிரம் பேரைச் சோதிக்கிற ஒருவருக்கு அரை நிமிடத்தில் முடிவெடுக்க ஏதாவது அடையாளமும் வேண்டும். சரி. ஆனால் அந்த அடையாளம் இன்று எதைப் பிடிக்கிறது, எதைத் தப்பவிடுகிறது என்று பாருங்கள். 2018இல் நிக்கான் பி1000 என்று ஒரு கேமரா வந்தது. ஏறத்தாழ 1.4 கிலோ எடை. தூரத்தில் இருப்பதை 3000 மி.மீ. லென்ஸுக்கு இணையாகப் பக்கத்தில் இழுக்கும். நிலாவின் பள்ளங்களை எண்ணலாம். அதன் லென்ஸ் கழலவே கழலாது. விதியை எழுத்துக்கு எழுத்துப் படித்தால் அதை நான் தாராளமாக உள்ளே கொண்டுவரலாம். 200 மெகாபிக்சல் போன் 2022இலேயே சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. என் கேமராவில் இருப்பது 24. படத்தை விற்க நினைப்பவனைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் நீங்கள் பிடித்து வைத்தது தவறான ஆளை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் கேமராவோடு நான் போன நிகழ்ச்சி ஒரு சின்ன அரங்கில் நடந்தது. புல்லாங்குழல் கலைஞர் ஒருவர் கண்ணை மூடி, மேளதாளம் எதுவும் இல்லாமல், கீழ் ஸ்தாயியில் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். ஷட்டரைப் பாதி அழுத்தினேன். ஃபோகஸ் செய்ய உதவுவதற்காக கேமராவின் முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு, இருட்டில் தானாக எரியும். எனக்கு அது தெரியாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு நேராக அவருடைய மூடிய இமைமேல் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்தார். வாசிப்பு நிற்கவில்லை, ஆனால் அடுத்த இரண்டு மூச்சுக்கு அவர் என்னைப் பார்த்தபடியே வாசித்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அந்த விளக்கை அணைக்கும் வழியை மெனுவில் தேடியதுதான். அப்புறம் பின்பக்கத் திரையையும் அணைத்துவிட்டு, சிவப்பாக மினுக்கும் சின்னப் பொட்டின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். இன்றும் அந்த டேப் இருக்கிறது, ஓரம் மட்டும் பிசுபிசுத்துவிட்டது.

ஃபிளாஷ் போடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. அது தொல்லை மட்டுமில்லை, பயனும் கிடையாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகக் குறையும். மூன்று மீட்டரில் இருப்பவர் முகத்துக்குப் போதுமான போன் விளக்கு, முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் மேடைக்கு நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். கடைசி வரிசையிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பளிச்சென்று தெரிவது முன்வரிசைக்காரரின் பின்மண்டைதான். இது எத்தனை வருடமானாலும் யாருக்கும் புரியாத பௌதிகமாகவே இருக்கிறது.

'கேமராவை வைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்' என்கிற அறிவுரையிலும் உண்மை இருக்கிறது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்கள் வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே நினைவில் நின்றதாகச் சொன்னது. அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2017இல் இன்னொரு குழு செய்த ஆய்வு என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. எப்போது எடுப்பது என்று தாங்களே தீர்மானித்துப் படமெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவிருந்தது, காதால் கேட்டது குறைந்தது. இசை நிகழ்ச்சிக்குப் போகிறவனுக்கு இது சாதாரணச் செய்தியா? அதைப் படித்த பிறகுதான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மெதுவான பாட்டு வந்தால் கேமரா மடிக்குப் போய்விடும். எனக்குப் பிடித்த பாட்டு எது வந்தாலும் முதல் சரணம் முழுக்கக் கேட்பதற்கு மட்டும்.

அப்படியானால் எதற்காக எடுக்கிறாய், மேடைக்கு முன்னால் பாஸ் வைத்திருக்கிற தொழில்முறைக்காரர்கள் எடுக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். எடுப்பார்கள், என்னைவிட நன்றாகவே எடுப்பார்கள். ஆனால் 'முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கிடையாது' என்று அவர்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஓரமாக வெளியே அழைத்துப் போய்விடுகிறீர்கள். அந்த நேரத்தில் கலைஞருக்கு இன்னும் வேர்த்திருக்காது, தலைமுடி கலைந்திருக்காது, மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே உள்ள கூச்சமே போயிருக்காது. பத்திரிகையில் வருகிற படங்கள் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கால் மணி நேரத்தில் எடுத்தவை. பதினான்காவது பாட்டில் நடந்ததை எடுக்க அரங்கில் இருப்பது ரசிகன் ஒருவன்தான்.

அவனுக்கு இன்னொரு வசதியும் உண்டு, பாட்டு அவனுக்கு மனப்பாடம். மேடைப் படத்தில் பாதி வேலை அதுதான். பாடகர் வாய் நிறையப் பாடும்போது எடுத்தால் மைக் முகத்தில் பாதியை மறைத்துக்கொள்ளும். வரி முடிந்து, மூச்சு வாங்க மைக்கைவிட்டு விலகும் அந்த அரை நொடிதான் முகம் கிடைக்கும் நேரம். எந்த வரிக்குப் பிறகு அந்த இடைவெளி வரும் என்று பாட்டை நூறு தடவை கேட்டவனுக்குத் தெரியும். டிரம்ஸ் வாசிப்பவர் சிம்பலை அடிக்கக் கை ஓங்கும்போது, உச்சியில் கை ஒரு கணம் நின்று திரும்பும். அந்தக் கணத்தைப் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடிகூடப் போதும், தவறவிட்டால் 1/500இலும் குச்சி புகையாகத்தான் தெரியும். எனக்குப் பிடித்த படம் ஒன்று இருக்கிறது. பாட்டின் கடைசி அடிக்கு முன்னால், பேஸ் கிட்டார்காரர் டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்குகிறார், 'இப்போதா?' என்று. அந்த இசைக்குழுவை மூன்று முறை பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அப்படிக் கேட்கிறார் என்று கவனித்தேன். நான்காவது முறை அந்த அடிக்காகவே காத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து, வெளிச்சம் போதாமல் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 3200 வரை ஏற்றி எடுத்தது. மணல் தூவியதுபோல் இருக்கும். யாரும் விலை கொடுத்து வாங்கமாட்டார்கள்.

மேடை விளக்குகளோ தனிக் கொடுமை. முழுச் சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம் விழுந்தால் கேமராவில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிப் பூசி மெழுகிய மாதிரி ஆகிவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும் அதே விளக்குகள் படத்தில் வரிக்குதிரைப் பட்டை போட்டுவிடும். பட்டை வேண்டாம் என்று மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் 'டக்' என்று சத்தம். அதனால் டிரம்ஸ் அதிரும்போது மட்டும்தான் அது. உங்கள் விளக்குக்காரர்களிடம் ஒரு கோரிக்கை, இந்த மடலின் விஷயமில்லைதான்: ஒரு பாட்டுக்காவது முகத்தில் கொஞ்சம் வெள்ளை வெளிச்சம் விடுங்கள்.

1967 ஜூன் 18. கலிஃபோர்னியாவில் மான்டெரே இசை விழா. ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் தன் கிட்டாருக்குத் தீ வைத்து, மண்டியிட்டு, இரண்டு கையையும் தூக்கித் தீயை மேலே மேலே அழைப்பதுபோல் ஒரு படம் உண்டு. பார்த்திருப்பீர்கள், பின்னாளில் ரோலிங் ஸ்டோன் இதழின் அட்டையிலும் வந்தது. அதை எடுத்த எட் காரெஃபுக்கு அப்போது 17 வயது. மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று எடுத்தார். இன்றைய உங்கள் வாசலில் அந்தப் பையன் கேமராவைப் பையிலிருந்து எடுத்திருந்தால் 43ஆம் எண் டோக்கன் அவனுக்குப் போயிருக்கும். எல்லா ரசிகனும் அப்படியொரு படம் எடுப்பான் என்று சொல்லவரவில்லை. நான் எடுக்கப்போவதில்லை என்பது எனக்கே தெரியும்.

படம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதுகூட அவசியமில்லை. 1979இல் நியூயார்க்கில், தி கிளாஷ் என்ற ராக் குழுவின் பால் சிமோனன் தன் பேஸ் கிட்டாரை மேடையில் ஓங்கி அடிக்கிற படம், 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டை. எடுத்த பென்னி ஸ்மித் அதை அட்டையில் போட விரும்பவில்லை, ஃபோகஸ் சரியில்லை என்றார். உண்மையிலேயே சரியில்லை.

ஒப்பந்தக் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தொழில்முறைக்காரர்களிடம் 'எடுத்த படத்தின் உரிமை எங்களுக்கு, நீ ஒரு முறைதான் பயன்படுத்தலாம்' என்று எழுதி வாங்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. 2015இல் ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற ராக் குழு அப்படிக் கேட்டபோது, வாஷிங்டன் சிட்டி பேப்பர் பத்திரிகை கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, ரசிகர்கள் எடுத்த படங்களைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று அறிவித்தது. கியூபெக்கின் 'லெ சொலேய்' நாளிதழ் இன்னும் ஒரு படி மேலே போய், புகைப்படக்காரருக்குப் பதிலாக ஓவியரை அனுப்பிக் கச்சேரியை வரைந்து வெளியிட்டது. காகிதம் இறுக இறுகப் படம் வேறு வாசல் வழியாக வந்துவிடும். போனை உறையில் பூட்டி வைக்கும் யோண்டர் முறைக்கும் நான் எதிரியில்லை. 2014இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் உறைகளை 2018இல் ராக் பாடகர் ஜாக் வைட் தன் சுற்றுப்பயணம் முழுக்கப் பயன்படுத்தினார். கலைஞரே போனும் கேமராவும் வேண்டாம் என்று சொன்னால் நான் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன், முகம் சுளிக்காமல். ஆனால் கலைஞரைக் கேட்டுத்தான் விதி வைத்தீர்களா, இல்லை போன நிகழ்ச்சியின் அறிவிப்பை அப்படியே வெட்டி ஒட்டினீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

மனம் வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு இரண்டு ராக் இசைக்குழுக்களைச் சொல்லலாம். கிரேட்ஃபுல் டெட் நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் டேப் ரெக்கார்டரும் மைக் கம்பமுமாக வந்து நிற்பார்கள். குழுவின் ஒலிக்கட்டுப்பாட்டாளருக்கே மேடை தெரியாத அளவுக்குக் கம்பங்கள் காடாக வளர்ந்துவிட்டன. விரட்டியிருக்கலாம். 1984 அக்டோபரில் அவர்கள் செய்தது, ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடமும் தனி டிக்கெட்டும் ஒதுக்கியது. கிங் கிரிம்ஸன் இதற்கு நேர் எதிர். 2014 முதல் 2021 வரை அவர்கள் போன சுற்றுப்பயணங்களில் யாரும் எதையும் எடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதியாக இருந்தது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் பேஸ் கலைஞர் டோனி லெவின் தன் கேமராவை எடுத்துக் கூட்டத்தைப் படம் பிடிப்பார். அவர் கேமராவைத் தூக்கினால் நீங்களும் தூக்கலாம். இரண்டரை மணி நேரம் வாய்மூடி உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் கையைத் தூக்கும். இந்த விதியை எந்த ரசிகனும் மீற ஆசைப்படமாட்டான், ஏனென்றால் அது அவனுக்குப் புரிகிறது.

நான் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள். கருவியைப் பார்க்காமல் தொல்லையைப் பாருங்கள்: வெளிச்சம் விடுவது, சத்தம் போடுவது, கண் மட்டத்துக்கு மேலே எதையும் தூக்குவது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும், போனோ டேப்லெட்டோ கேமராவோ, ஒரு முறை எச்சரித்துவிட்டு வெளியே அனுப்புங்கள். நானே என்றாலும் அனுப்புங்கள். நீளமான லென்ஸ் பக்கத்துக்காரர் தோளில் இடிக்கும் என்பது நியாயமான கவலை. ஒரு கை அளவு என்று வரம்பு வையுங்கள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாலே செக்யூரிட்டிக்குத் தெரிந்துவிடும். ஓரமாகவோ கடைசியிலோ ஒரு வரிசையைக் கேமராக்காரர்களுக்கு ஒதுக்கினால் யாரையும் மறைக்காமல் நாங்கள் பாட்டுக்கு இருப்போம். மேடை தூரம்தான், பரவாயில்லை. எடுக்கவே கூடாது என்பது கலைஞரின் விருப்பம் என்றால் அதை டிக்கெட் வாங்குகிற இடத்திலேயே எழுதிவிடுங்கள். வாசலில் வந்து தெரிந்துகொள்வதில்தான் வருத்தமே.

அப்புறம் அந்த 'புரொபஷனல்' என்கிற சொல்லை எடுத்துவிடுங்கள். என் வாழ்நாளில் ஒரு படம் விற்றதில்லை. அந்தப் பட்டம் கிடைத்த ஒரே இடம் உங்கள் வாசல்தான்.

அன்று நிகழ்ச்சி முடிந்து டோக்கனைக் கொடுத்துக் கேமராவை வாங்கும்போது அதே செக்யூரிட்டிதான் நின்றிருந்தார். கூட்டம் கலைந்துவிட்டது, அவரும் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தார். "உள்ளே எப்படி இருந்துச்சு சார்? இங்க எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் வரும், மேடை தெரியாது. கடைசிப் பாட்டுக்கு ஏன் அவ்வளவு கத்தினாங்க?" என்றார். பாடகி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து பாடினார் என்று வாயால் சொன்னேன். "அப்படியா" என்று சிரித்தார். காட்டுவதற்கு என்னிடம் படம் இல்லை.

இப்படிக்கு,
டோக்கன் எண் 43